படிக்காமல் போட்ட படங்கள்

கதைகளுக்குப் படம் போட்டு வயிறு வளர்த்தவன் நான். அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை நான் படித்ததில்லை.

இதைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாம் விவரம்தான். ஆனால் விவரம் இல்லாத ஒப்புதலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘நான் பெரிய பாவி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொள்பவனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. என்ன அடக்கம் என்று மெச்சிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மெச்சுதலை வாங்கிக்கொள்ளவும் தயங்காதவன் நான் என்பதால், விவரத்தோடே சொல்கிறேன்.

வாரப் பத்திரிகைகள் கதைகளை நம்பி விற்ற காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஓர் இதழில் இரண்டு மூன்று தொடர்கதைகள் ஓடும், சிறுகதைகள் தனி. தீபாவளி மலர் என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். முறைப்படி என்றால், எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியோ அச்சுக் கோத்து எடுத்த புரூஃபோ ஓவியரின் கைக்கு வரும். அவர் அதைப் படிப்பார். எந்தக் கட்டத்தைப் படமாக்குவது என்று முடிவு செய்வார். உண்மையில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கதையின் முடிச்சைப் படம் அவிழ்த்துவிடவும் கூடாது. பக்கத்தைப் புரட்டுகிறவரை நிறுத்தாமல் விடவும் கூடாது. பிறகுதான் பென்சில், அதன்மேல் நிப், பிரஷ், இந்தியன் இங்க். அச்சாகும் அளவைவிடப் பெரிதாகப் போட்டுக் கொடுப்போம். பிளாக் எடுக்கும்போது சிறிதாக்குவார்கள். சிறிதாகும்போது கோட்டின் நடுக்கம் கொஞ்சம் மறையும். தலைப்பையும் நாங்களே கையால் எழுத வேண்டும். எழுத்தின் வளைவிலேயே இது சிரிப்புக் கதையா, துக்கக் கதையா என்று தெரிந்துவிட வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. உதவி ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் ‘சீன்’ எழுதித் தருவார். “மாடிப்படி. மேலே பெண், அழுகிறாள். கீழே ஆண், கையில் சூட்கேஸ்.” அவ்வளவுதான். மற்ற ஓவியர்கள் சீட்டையும் பார்த்தார்கள், கதையையும் படித்தார்கள். நான் சீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, எண்பதுகளில் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் அறையில் தரையில் பலகை போட்டு வரைந்த நாட்களில், கிடைத்த கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கதையில் வரும் ஆளுக்கு மீசை உண்டா, வாசல் எந்தப் பக்கம், மழை பெய்கிறதா என்றெல்லாம் ஓரத்தில் குறித்துவைப்பேன். ஒரு நாள் மாலை, மறுநாள் காலையில் பிளாக்குக்குப் போக வேண்டிய கதை ஒன்று தாமதமாக வந்தது. பொடிப்பொடியான கையெழுத்து, பார்த்ததும் மலைப்பு வந்தது. சீட்டு இருந்தது. சீட்டை வைத்துப் போட்டுக் கொடுத்தேன். இதழ் வந்தது. ஆசிரியர் கூப்பிட்டு, “இந்த வாரம் உங்க படம் பிரமாதம்” என்றார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. வினை அங்கேதான் பிடித்தது. யாராவது ஒருவர் அன்றைக்கு, “ஏன்யா, கதையில அவன் நொண்டியாச்சே?” என்று கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன், அடுத்த கதையைப் படித்திருப்பேன். பாராட்டு வந்ததால், படிப்பது தேவையில்லாத வேலை என்று கை முடிவு செய்துகொண்டது.

அதற்குள் எனக்கு ஒரு முகமும் சித்தித்துவிட்டது. முக்கால்வாசி திரும்பிய பெண் முகம். பெரிய கண், கீழ்நோக்கிய பார்வை, காதோரம் சுருண்ட ஒரு கற்றை முடி. வாசகர்களுக்குப் பிடித்தது. ஆசிரியர்கள் ‘உங்க பொண்ணு’ என்றே கேட்டு வாங்கினார்கள். துப்பறியும் கதைகளின் கணேஷ்–வசந்த் என்றதும் ஓவியர் ஜெயராஜ் வரைந்த இரண்டு பேர்தான் கண்ணில் வருவார்கள். மாருதியின் பெண்ணைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். எனக்கும் அப்படியொரு முத்திரை கிடைத்துவிட்டதாகப் பூரித்துப்போனேன். ஆனால் அவர்களுடைய கோடு எந்த ஆளிடம் போனாலும் அந்த ஆளாக மாறியது. என்னுடைய கோடு எந்த ஆளையும் என் பெண்ணாக மாற்றியது. கல்லூரி மாணவி, டைப்பிஸ்ட், மூன்று பிள்ளை பெற்றவள், நோயில் கிடப்பவள் எல்லாருக்கும் அதே முகம். வயதைக் காட்ட வேண்டுமென்றால் காதோரம் இரண்டு வெள்ளைக் கோடு. ஏழ்மையைக் காட்ட வேண்டுமென்றால் புடவையில் ஓர் ஒட்டு.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கோட்டோவியத்தில் தோல் என்பது வெறும் தாள். சிவப்பாக ஒருத்தியைக் காட்ட ஓவியன் ஒன்றும் செய்ய வேண்டாம்; தாளை அப்படியே விட்டுவிட்டால் போதும். கறுப்பாகக் காட்டத்தான் கை வலிக்க வேண்டும். கோடு கோடாகப் பின்ன வேண்டும். அந்தக் கோடுகள் முகபாவத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவுத் தாளில் மை ஊறி அப்பிவிடாதபடி இடைவெளி விட வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. அந்த நேரத்தை நான் யாருக்குச் செலவழித்தேன் என்று பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தால் எனக்கே கூசுகிறது. அடியாளுக்குச் செலவழித்திருக்கிறேன். திருடனுக்கு, வேலைக்காரிக்கு, குடிகாரப் புருஷனுக்குச் செலவழித்திருக்கிறேன். கதாநாயகிக்குச் செலவழித்ததே இல்லை. சோம்பல்தான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சோம்பேறிக்கு அடியாளின் முகத்தில் கோடு பின்ன மட்டும் எங்கிருந்து சுறுசுறுப்பு வந்தது? நல்லவர்கள் சிவப்பு, மற்றவர்கள் கறுப்பு என்று ஊர் வைத்திருந்த கணக்கை நான் கேள்வி கேட்காமல் நகலெடுத்தேன். எழுதியவர்கள் வேறு கணக்கு போட்டிருந்தால்கூட எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான்தான் படிக்கவில்லையே.

ஒருமுறை எழுத்தாளர் ஒருவர் பத்திரிகைக்கு ஒரு கார்டு போட்டார். அது என் கைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய சிறுகதைக்கு எனக்கு வந்த சீட்டில் “வயல். பெண் நாற்று நடுகிறாள்” என்று இருந்தது. என் பெண்ணை வயலில் இறக்கிவிட்டிருந்தேன். ஒடிசலான இடை, நெற்றியில் விழுந்த முடி, அழகாகத் தூக்கிச் செருகிய புடவை. கதையில் அவள் ஐம்பதைத் தாண்டியவள், முன்பல் விழுந்தவள், இடுப்பு நிமிராதவள். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அது என் அம்மாவை நினைத்து எழுதிய கதை; படத்தில் இருக்கும் பெண் யார் என்று ஓவியரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

அந்தக் கார்டை டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய் நண்பர்களிடம் காட்டிச் சிரித்தேன். “அம்மாவைப் போட்டா எவன்யா புக்கு வாங்குவான்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் பதில் எழுதவில்லை. இந்த ஒப்புதலில் எனக்கு மிகவும் கசப்பான பகுதி எது என்று கேட்டால், படம் தப்பாகப் போட்டது அல்ல, அந்தச் சிரிப்பு என்பேன்.

வேடிக்கையாகச் சொல்லவும் சில உண்டு. தலைப்பில் ‘ரத்தம்’ என்ற சொல் இருந்த ஒரு கதைக்கு எழுத்துகளிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட எழுதிக் கொடுத்தேன். அது பிரிந்துபோன அண்ணன் தம்பிகள் ஒன்று சேரும் கதையாம், ரத்த பாசம்! எழுத்தாளர் நல்லவர், ‘வாசகர்கள் கொலையை எதிர்பார்த்து ஏமாந்துபோனார்கள்’ என்று மட்டும் சொன்னார். இதைக் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். சிரிக்கவைக்கிற தப்பை மட்டும் வெளியே சொல்லி, மற்றதை உள்ளே வைத்துக்கொள்வதும் ஒரு சாமர்த்தியம்தான்.

அப்படி உள்ளே வைத்துக்கொண்ட இன்னொன்று: சினிமா பத்திரிகைகளின் ஸ்டில்களை வைத்து டிரேஸ் எடுத்தேன். நடிகைகளின் கழுத்துத் திருப்பம், நடிகர்கள் கதவில் சாய்ந்து நிற்கும் தோரணை எல்லாம் கண்ணாடி மேஜையில் விளக்கு வைத்து எடுத்தவை. புகைப்படத்தைப் பார்த்து வரைவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ அட்டைகளை வரைந்த நார்மன் ராக்வெல்லே, புகைப்படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவியைப் பயன்படுத்தினார். அதில் தனக்கிருந்த கூச்சத்தைத் தன் வரலாற்று நூலில் மறைக்காமல் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அவர் தன் ஊர்க்காரர்களில் இந்தப் படத்துக்கு இந்த ஆள்தான் பொருந்துவார் என்று தேடிப் பிடித்து, உட்காரவைத்து, அந்தப் படத்துக்கென்றே புகைப்படம் எடுக்கவைத்தார். நான் கையில் எந்த ஸ்டில் கிடைத்ததோ, அதற்குள் கதையைத் தள்ளினேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கும், கேட்காதவர்களுக்கும் நான் இரண்டு சமாதானங்களைத் தயாராக வைத்திருந்தேன்.

முதலாவது, நேரமும் காசும். ஒரு படத்துக்குக் கொடுப்பது சொற்பம். நிறையப் போட்டால்தான் வாடகை கட்ட முடியும். நிறையப் போட வேண்டுமென்றால் படிக்க நேரமில்லை. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சிறுகதையைப் படிக்க ஒரு டீயும் ஒரு சிகரெட்டும் ஆகிற நேரம் போதும். மணிக்கணக்கில் டீக்கடையில் நின்று, கலையை மதிக்காத பத்திரிகைகளைப் பற்றிப் பேச எனக்கு நேரம் இருந்தது. கையில் வேலை குவிந்து கிடந்தபோதும், நேரமில்லை என்று சொல்லி ஒரு கதையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் இன்னொருவருக்குப் போய்விடும் என்ற பயம். அதற்குப் பேர் பேராசை. நான் அதற்கு வறுமை என்று பேர் வைத்திருந்தேன்.

இரண்டாவது சமாதானம் இன்னும் கௌரவமானது. ‘நான் உண்மையில் பெரிய ஓவியனாக வந்திருக்க வேண்டியவன், இந்தப் பத்திரிகை வேலை என்னை விழுங்கிவிட்டது.’ ராத்திரி நேரத்தில், நாலு பேர் கூடினால், இதைச் சொல்லிக் கண் கலங்குவேன். கித்தான் வாங்கி வைத்திருந்தேன். அது அலமாரிக்குப் பின்னால் நின்றது. ஒரு வேலையை இழிவாக நினைத்துக்கொண்டால், அதை இழிவாகச் செய்வதற்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. ‘இது என் உண்மையான வேலை இல்லை’ என்ற அந்த ஒரு வரி, நான் படிக்காமல் விட்ட அத்தனை கதைகளுக்கும் மன்னிப்புச் சீட்டாக இருந்தது.

அந்தச் சீட்டு செல்லாது என்பதற்கு என் கண்முன்னாலேயே சாட்சிகள் இருந்தார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியத்தை மட்டும் விற்று அரிசி வாங்க முடியாது என்று தெரிந்தே தொடங்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள்; ஓவியத்தைத் தங்கள் விருப்பத்துக்குப் போட்டார்கள். வயிற்றுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டபோதும், வயிற்றுக்கான வேலையை அவர்கள் மட்டமாகச் செய்யவில்லை. ஆதிமூலத்தைப் பாருங்கள். காந்தியின் உருவத்தை நூறு கோட்டோவியங்களாகப் போட்டவர். பிறகு அரூபமான வண்ண ஓவியங்களுக்குப் போனவர். அதே மனிதர்தான் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கும் படம் போட்டார். அந்தப் படங்களில் கரிசல்காட்டு ஆட்களின் எலும்பும் நரம்பும் தெரியும். அவருக்கு இரண்டும் ஒரே கைதான்.

பத்திரிகைக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் செலவழித்தவர்களும் இருந்தார்கள். சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் போட்டார். அவர் போட்டது வாரப் பத்திரிகைக்குத்தான். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு போட்ட படங்களில் நாயனக்காரர் மூச்சுப் பிடித்திருப்பது கன்னத்தில் தெரியும். ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடரில் அவர் போட்ட மடிசார் மாமிகளை அமெரிக்காவின் எந்தத் தெருவில் நிறுத்தினாலும் தஞ்சாவூர் என்று சொல்லிவிடலாம். பிற்காலத்தில் வலது கை செயலிழந்தபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார் அவர். எனக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன. இவர்களுக்கும் அதே மலிவுத் தாள், அதே கெடு, அதே உதவி ஆசிரியர்கள். தொழில் என்னை விழுங்கியது என்று நான் சொன்னது இவர்கள் இருந்த அதே ஊரில்தான்.

பெரிய ஓவியனாகாமல் போனதற்காக வருந்தி வருந்தியே, நல்ல படம் போடுகிறவனாகக்கூட இருக்காமல் போய்விட்டேன். போகாத பாதையைப் பற்றிய வருத்தம் சுகமானது. அதில் நாம் எப்போதும் ஜெயித்தே இருப்போம். அலமாரிக்குப் பின்னால் நிற்கும் வெற்றுக் கித்தானில் ஒரு தப்புக் கோடுகூட இருக்காது. போன பாதையில் என்ன செய்தோம் என்று பார்ப்பதுதான் வலிக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் இவ்வளவு காலம் ஓட்டினேன்.

எனக்கு ஓர் உதவியாளன் இருந்தான். விழுப்புரம் பக்கத்துப் பையன். எழுத்து வேலைக்கென்று வந்தவன், கை நன்றாக இருந்ததால் படத்துக்கு மை போட வைத்தேன். பிறகு பின்னணி. பிறகு முகம் தவிர எல்லாம். கடைசியில் முகமும் அவன்தான். கையெழுத்து மட்டும் என்னுடையது. இதுவும் ஒரு குற்றம்தான். ஆனால் இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்றை அவனுக்குச் செய்திருக்கிறேன். வந்த புதிதில் அவன் கேட்டான்:

“அண்ணே, கதையை ஒருவாட்டி படிச்சிட்டு ஆரம்பிக்கட்டுமா?”

“எதுக்குடா? சீட்டுல எல்லாம் இருக்குல்ல. கை ஓடட்டும், கண்ணு ஓடுனா கை நின்னுடும்.”

அவன் சமர்த்து. சொன்னதைப் பிடித்துக்கொண்டான். இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் புத்தக அட்டைகள், விளம்பரங்கள் செய்கிறான், நல்ல சம்பளம். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன் என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னான்: “அண்ணி, அண்ணன் அன்னிக்குச் சொல்லிக்குடுத்ததுதான் இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது. புக்கை எல்லாம் நான் தொடவே மாட்டேன். பிரீஃப் பார்த்தமா, அட்டையை முடிச்சமா!” நன்றியோடு சொன்னான். நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பழக்கம் என்னோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது இன்னொருவன் கையில் பத்திரமாக இருக்கிறது.

பிறகு காலம் மாறியது. தொலைக்காட்சித் தொடர்கள் தொடர்கதைகளின் இடத்தைப் பிடித்தன. பத்திரிகைகளில் கதைப் பக்கங்கள் சுருங்கின. ஓவியம் இருந்த இடத்தில் புகைப்படமும் கம்ப்யூட்டர் வேலையும் வந்தன. கல்கி 2020இல் அச்சை நிறுத்திக்கொண்டது. நாங்கள் மேடைகளில் ஏறி, ஓவியர்களை மறந்த சமூகம் என்று பேசினோம். நானும் பேசினேன். ஆனால் என் படம் நின்றபோது, ‘அவர் படம் ஏன் வரவில்லை’ என்று கேட்டு ஒரு வாசகர் கடிதமும் வரவில்லை என்பதை மேடையில் சொல்லவில்லை. ஏன் வரவேண்டும்? கதையில் இல்லாத ஒன்றை என் படம் சொல்லியிருந்தால், அல்லது இருப்பதையாவது ஒழுங்காகச் சொல்லியிருந்தால், நின்றபோது ஒரு குறை தெரிந்திருக்கும். இப்போது, ஒரு வரி எழுதினால் படம் போட்டுத் தரும் மென்பொருள் வந்துவிட்டது என்று இளம் ஓவியர்கள் என்னிடம் வந்து புலம்புகிறார்கள். எனக்கு அதைத் திட்ட வாய் வரவில்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தருகிறவனாக ஓர் ஆள் அதற்கு முன்பே இருந்திருக்கிறான்.

இவ்வளவையும் இப்போது எழுதவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் படம் போட்ட பழைய தொடர்கதை ஒன்றைப் புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள். எழுதியவர் இப்போது இல்லை. “சார், அந்தக் காலத்துப் படங்களோடயே போடலாம்னு இருக்கோம். பழைய வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும்” என்றார் பதிப்பாளர். மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். ஒரிஜினல்கள் என்னிடம் இல்லை. திருப்பிக் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்ததில்லை. வாசகர் வீட்டு பைண்டு ஒன்று கிடைத்திருக்கிறது என்று அனுப்பிவைத்தார்கள். வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்து, முதுகில் பெயர் எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி பைண்டு.

படங்கள் நன்றாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்க்கத்தான் பிரித்தேன். நாலாவது அத்தியாயத்தில் என் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் பொடியாக ஒரு குறிப்பு: ‘இவள் விதவை அல்லவா?’ என் பெண்ணின் நெற்றியில் பெரிய பொட்டும் கழுத்தில் தாலியும் இருந்தன. அடுத்த அத்தியாயத்தில் இன்னொன்று: ‘இந்த வீட்டுக்கு மாடி கிடையாது.’ படத்தில் நான் மாடிப்படி போட்டிருந்தேன். அதற்கடுத்து, ‘இடது கை!’ என்று ஓர் ஆச்சரியக்குறியோடு. பிறகு சில அத்தியாயங்களுக்கு அப்பால் குறிப்புகள் நின்றுவிட்டன. அந்த வாசகர் என் படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார் போலிருக்கிறது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன் அல்லவா? ஒருவர் கண்டுபிடித்து, எழுதியும் வைத்து, கடைசியில் அலுத்துப்போயிருக்கிறார்.

அதற்கு மேல் படிக்காமல் இருக்க முடியவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். திருச்சியில் மெஸ் நடத்தும் ஒரு விதவையின் கதை. இடதுகைக்காரி. சின்ன வயதில் அதற்காக அடி வாங்கியவள். இலையில் மட்டும் வலது கையால் பரிமாறுவாள். காய் நறுக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் இடது கையால். பின்னால் ஒரு கடிதத்தை எழுதியது யார் என்ற கேள்வி வரும்போது, மையைத் தேய்த்துக்கொண்டு போன இடது கையின் தடத்தை வைத்துத்தான் உண்மை வெளிப்படுகிறது. தொடர் முழுவதும் அந்தச் சின்ன விஷயத்தை எழுத்தாளர் அங்கங்கே தூவிக்கொண்டே வந்திருக்கிறார். தொடர் முழுவதும் நான் அவளை வலது கைக்காரியாகவே போட்டிருக்கிறேன். கடிதம் எழுதும் படத்திலும் வலது கை. வாரா வாரம் அவர் கட்டிய கதையை, எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாரா வாரம் நான் பிரித்துப் போட்டிருக்கிறேன். அவர் ஒருநாளும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. விழாக்களில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு விசாரிப்பார். ஏன் கேட்கவில்லை என்று இனி நான் கேட்க முடியாது.

நல்ல நாவல். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் காலத்திலேயே படித்திருந்தால், அலமாரிக்குப் பின்னால் நின்ற கித்தானில் போடுவதற்கே எனக்கு ஒரு மனுஷி கிடைத்திருப்பாள்.

பதிப்பாளரைக் கூப்பிட்டு, படங்களைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றேன். “வேண்டாம் சார், பழசுலதான் அந்த அழகு இருக்கு. புதுசாப் போட்டா வாசகர்கள் ஒத்துக்க மாட்டாங்க” என்றார். எனக்கும் கை முன்போல் இல்லை. அது அவருக்குத் தெரியும், சொல்லவில்லை. அப்படியென்றால் படமே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், பணமும் வாங்கிக்கொண்டேன். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் தத்துவம் எதுவும் இல்லை. முழுசாகப் படியுங்கள். ஆளின் வயது, நிறம், எந்தக் கை, வீட்டுக்கு மாடி உண்டா என்று ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். படிக்க நேரமில்லை என்றால் வேலையைத் திருப்பிக் கொடுங்கள்; ஒரு பக்கம் போனால் போகட்டும். முதல் தப்புக்குப் பாராட்டு வந்தால் பயப்படுங்கள். முக்கியமாக, செய்கிற வேலைக்கு மேலே தனக்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது என்று எவனாவது ராத்திரியில் கண் கலங்கினால், அவன் பகலில் போட்ட படத்தை வாங்கிப் பாருங்கள்.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். இந்த நாவலுக்கும் அப்படி ஒன்று வேண்டும், படங்களுக்கு மட்டும், என் பெயரில் என்று கேட்டேன். பதிப்பாளர் முதலில் சிரித்தார். பிறகு, வித்தியாசமாக இருக்கும் என்று சம்மதித்தார். பொட்டு, தாலி, மாடிப்படி, வலது கை, அவளுடைய நிறம், அவளுடைய வயது எல்லாவற்றையும் படம் வாரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதியிருக்கிறேன்.